மூளையைப் படிக்கப் போற பேராண்டிக்கு

நியூரோ சயின்ஸ் படிக்கப் போறியாமே? நல்லது. மூளை இருக்கிறவன்தான் மூளையைப் படிக்கணும். ஆனா படிக்கப் போறதுக்கு முன்ன அதை ஒருவாட்டி எடுத்து உபயோகிச்சுப் பாருடா. வாங்கின நாள்லேர்ந்து கவர் பிரிக்காம வெச்சிருந்தா எப்படி?

கள்ளக்குறிச்சியில கல்யாண மண்டபம் புடிச்சு கல்விக் கண்காட்சி போட்டாங்களே, நானும் வந்திருந்தன். எனக்கு அங்க இன்னா வேலைன்னு கேக்காத. ஏசி ஓடுச்சு, வந்தன். வைகாசி வெயில்ல மூங்கில்துறைப்பட்டு நாயெல்லாம் தென்பெண்ணை ஆத்துல எங்க ஈரம் இருக்குதுன்னு தேடிப் போய்ப் படுத்துக்குது. இந்தக் காலேஜுக்காரனுங்க கோட்டு போட்டு, கழுத்துல டை கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. அதுல ஒருத்தன் என்னைப் பாத்து, "இனிமே எதிர்காலமே மூளைதான் தாத்தா"ன்னான். "அப்ப இதுவரைக்கும் எதை வெச்சுடா ஓட்டுனீங்க?"ன்னு கேட்டன். ஒரு பேனாவும் பையும் குடுத்து அனுப்பிட்டான்.

பை நல்லாத்தான் இருக்குது. மல்லாட்டை வெக்கிறதுக்கு ஆச்சு.

சரி, விசயத்துக்கு வருவம். இந்தப் படிப்பு எங்கேர்ந்து வந்துது தெரியுமா? பட்டப்படிப்பா இதை மொதல்ல ஆரம்பிச்சது அமெரிக்காவுல, ஆம்ஹெர்ஸ்ட்னு ஒரு காலேஜ்ல, 1973ல. அங்க ஒரு வழக்கம் உண்டு. ப்ளஸ் டூ முடிச்சதும் டாக்டருக்குப் படிக்க முடியாது. மொதல்ல ஏதாச்சும் ஒரு நாலு வருசப் பட்டம் வாங்கணும், அப்பறம்தான் மெடிக்கல் காலேஜ் கதவைத் தட்டணும். டாக்டராகணும்னு நெனக்கிறவன் அந்த நாலு வருசத்துக்கு மூளையைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருப்பான். அவனுக்கு அது வழியில இருக்கிற ஊரு. இறங்கி டீ குடிச்சிட்டு மேல போவான்.

இங்க எப்படி? ப்ளஸ் டூ முடிச்சியா, நீட் எழுதினியா, கெடச்சா எம்.பி.பி.எஸ். அவ்வளவுதான். நடுவுல இந்தப் பட்டத்துக்கு எடமே கெடயாது. இதை முடிச்சிட்டு மெடிக்கலுக்குப் போகணும்னாலும் மறுபடியும் நீட்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். ஆனா நம்ம பசங்க பாதிப்பேரு, நீட்ல மார்க்கு வரலைன்னதும், "டாக்டர் இல்லன்னா இன்னா, மூளைப் படிப்பு படிக்கிறன்"னு கெளம்புறானுங்க. பேருல நரம்பு இருக்குது, மூளை இருக்குது, வெள்ளைக் கோட்டு போட்ட படம் இருக்குது. ஆத்தாக்காரி ஊரெல்லாம் "எம் புள்ள மூளை டாக்டருக்குப் படிக்கிறான்"னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. அவளைத் திருத்த உனக்குத் தெகிரியம் இருக்குதா? இல்ல. நாலு வருசம் கழிச்சு பக்கத்து வூட்டுக் கெழவி தலைவலின்னு உன்கிட்ட வந்து நிப்பா. அன்னிக்கு இன்னா சொல்லுவ?

இன்னொன்னும் இருக்குது, அதையும் இதையும் கொழப்பிக்காத. ஆசுபத்திரியில தலையில ஒயரு மாட்டி ஈ.ஈ.ஜி. எடுக்கிறான் பாரு, அது தொழில்நுட்பப் படிப்பு. தனி. மெஷினு இருக்கிற எடத்துல அவனுக்கு வேலை இருக்கும். நீ கொண்டுவந்த நோட்டீசுல போட்டிருக்கிறது அது இல்ல. ஆராய்ச்சிக்கு மொதப்படியா இருக்கிற பட்டம். ஆராய்ச்சிக்கு மொதப்படின்னா, மாடிக்குப் போகாம அந்தப் படியிலயே உக்காந்துக்கிட்டா ஒன்னும் கெடைக்காதுன்னு அர்த்தம்.

இப்ப சம்பளத்தைப் பத்திக் கேட்டியா? கேட்டேங்கிற. கண்காட்சியில நின்னவன் ஒரு பொண்ணு போட்டோவைக் காட்டி, பெரிய தொகை ஒன்னு சொல்லியிருப்பான். கேக்குறவன் கேனையா இருந்தா கேவுருல நெய் வடியுதும்பான். அந்தப் பொண்ணுக்குக் கெடச்சுது, சரி. மீதிப்பேரு எங்க? படிச்சு முடிச்ச அத்தினி பேரையும் சம்பளப்படி வரிசையா நிக்க வெச்சு, நட்ட நடுவுல நிக்கிறவன் எவ்வளவு வாங்குறான்னு கேளு. அந்தக் கணக்கை ஒளிச்சு வெக்க முடியாது. என்.ஐ.ஆர்.எஃப்.னு மத்திய சர்க்கார் 2016லேர்ந்து காலேஜுங்களுக்கு ரேங்கு போடுது. அதுக்கு ஒவ்வொரு காலேஜும் எழுதிக் குடுக்கிற தாள்ல எத்தினி பேரு சேந்தாங்க, எத்தினி பேருக்கு வேலை கெடச்சுது, நடுவாந்திரச் சம்பளம் எவ்வளவு, எத்தினி பேரு மேல படிக்கப் போனாங்க, எல்லாம் இருக்கும். உன் போன்லயே வரும். சினிமா டிரெய்லர் பாக்குற நேரத்துல அதைப் பாரு. ஆனா ஒரு சூட்சுமம். அந்தத் தாளை எழுதிக் குடுக்கிறது அதே காலேஜுதான். சம்பளக் கணக்குல வேலை கெடச்சவனை மட்டும்தான் சேப்பாங்க. வூட்ல உக்காந்திருக்கிறவன் அதுல வரமாட்டான். அதுவும் காலேஜுக்கே மொத்தமாத்தான் இருக்கும், உன் பாடத்துக்குத் தனியா இருக்காது. கம்ப்யூட்டர் படிச்சவன் சம்பளத்தைக் காட்டி மூளை படிக்க வர்றவனை மயக்குறது அங்கதான்.

நம்ம ஊரு சர்க்கரை ஆலையில கரும்பு எவ்வளவு ஒசரம்னு எவனாச்சும் கேட்டுப் பாத்திருக்கியா? கட்டுமானம் எவ்வளவுன்னுதான் கேப்பான். பத்தடி வளந்த கரும்பா இருக்கட்டும், பிழிஞ்சா எவ்வளவு சர்க்கரை நிக்குதோ அதுக்குத்தான் விலை. நோட்டீசுல இருக்கிறதெல்லாம் ஒசரம்டா. நீ கட்டுமானத்தைக் கேளு.

கரும்புன்னு வந்துட்டம், கடனையும் கரும்பாலயே அளந்துடுவம்.

தனியார்ல வருசத்துக்கு ரெண்டரை லட்சம்னு வெச்சுக்கோ. நாலு வருசம். பத்து லட்சம். பேங்குல வட்டி 11 சதவீதம்னு வெச்சுக்கோ. "படிக்கும்போது ஒன்னும் கட்ட வேணாம், முடிச்சு ஒரு வருசம் கழிச்சுக் கட்டினா போதும்"னு மேனேசரு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. உண்மைதான். கட்ட வேணாம். ஆனா வட்டி தூங்குமா? நீ ஆஸ்டல்ல குப்புறப் படுத்துத் தூங்கும்போதும் அது முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். வருசா வருசம் ரெண்டரை லட்சமா எடுத்தா, அஞ்சு வருச முடிவுல வட்டி மட்டும் 3 லட்சத்து 85 ஆயிரம். அதையும் அசலோட சேத்து 13 லட்சத்து 85 ஆயிரமாக்கி, அதுக்கு வட்டி போட ஆரம்பிப்பான். பதினஞ்சு வருசத்துல அடைக்கிறன்னா மாசம் 15,700 ரூபா. கூட்டிப் பாரு, 28 லட்சம் தாண்டுது. பத்துக்குப் போனவன் இருவத்தெட்டோட வரான்.

இப்பக் கரும்பு. 2024-25 பருவத்துல நம்ம பக்கத்துக் கட்டுமானத்துக்கு மத்திய சர்க்கார் விலை டன்னுக்கு 3,151 ரூபா. மாநில சர்க்கார் ஊக்கத்தொகை 349. ஆக 3,500. மாசம் 15,700 கட்டணும்னா நாலரை டன் கரும்பு. வருசத்துக்கு 54 டன். ஏக்கருக்கு நாப்பது டன் எடுக்கிறவனுக்கு ஒன்னேகால் ஏக்கருக்கும் மேல, மொத்தமும் உன் மூளைக்கே போவுது. வெட்டுக்கூலி, வண்டி வாடகை, உரம், தண்ணி பாச்சறவன் கூலி எதுவும் இதுல கழிக்கலை. ஆலைக்காரன் பணம் போடுறதுக்கு எத்தினி மாசம் ஆவும்னும் சேக்கலை. அதையெல்லாம் சேத்தா உங்கப்பன் மூளை நரம்பையும் சேத்துத்தான் ஆராய்ச்சி பண்ணணும்.

இன்னொரு கூத்து. நாலு லட்சம் வரைக்கும் கையிலேர்ந்து ஒன்னும் போட வேணாம். ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேக்க மாட்டான். அதுக்கு மேல போனா பத்திரம் எடுத்தாம்பான். எது எப்படியானாலும் அப்பன் கையெழுத்து வேணும். கடன் உன் பேருல மட்டும் இல்ல, அவன் பேருலயும்தான். நீ கட்டலைன்னா அடுத்த வாட்டி அவன் பயிர்க்கடன் கேக்கப் போகும்போது கம்ப்யூட்டர்ல செவப்பா நிக்கும். கடனுக்கு மனுசனைக் கொத்தடிமையா வெச்சுக்கக் கூடாதுன்னு 1976ல சட்டம் போட்டான். தோ, இந்தக் கல்வராயன் மலையில ஜாகீர்தாருங்க அதிகாரம் முடிஞ்சதும் அதே வருசம்தான். அப்ப வெட்டிவேலை செஞ்சவன் விதியேன்னு செஞ்சான். நீ டை கட்டினவன்கிட்ட பேனா வாங்கி, அப்பனையும் பக்கத்துல உக்கார வெச்சு, நீயே கையெழுத்துப் போடுற.

சலுகையே இல்லையான்னு கேக்குற. இருக்குதே. 2024 நவம்பர்ல பிரதமர் வித்யாலட்சுமின்னு ஒரு திட்டத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் குடுத்துது. குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள்ள இருந்தா, பத்து லட்சம் வரைக்கும் கடனுக்கு, படிக்கிற காலத்துல வட்டியில மூணு சதவீதம் சர்க்கார் ஏத்துக்கும். ஆனா எல்லாக் காலேஜுக்கும் கெடயாது. ஆரம்பத்துல 860 காலேஜுங்கதான் பட்டியல்ல. உன் நோட்டீசுக் காலேஜு அதுல இருக்குதா பாத்தியா? பாக்கலை. அது எத்தினி ஏக்கர்ல இருக்குது, நீச்சல் குளம் எத்தினி அடின்னு மட்டும் சரியா சொல்ற. ஏன்டா, ஆத்துப் பக்கத்து ஊருல பொறந்துட்டு நீச்சல் குளத்துக்கு மயங்குறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்.

கொஞ்சம் நல்ல கதையும் சொல்றன் கேளு, இல்லன்னா கெழவன் படிப்புக்கே எதிரின்னு சொல்லிடுவ.

வி.எஸ்.ராமச்சந்திரன்னு ஒருத்தரு. 1951ல நம்ம தமிழ்நாட்டுல பொறந்தவரு. இன்னிக்கு மூளை ஆராய்ச்சின்னா ஒலகமே அவரு பேரைச் சொல்லுது. அவரு இன்னா பண்ணினாரு தெரியுமா? விபத்துல கை போனவங்க இருக்காங்க இல்ல, அதுல சில பேருக்கு இல்லாத கை வலிக்கும். வெரலு மடங்கிக்கிட்டு விரிக்க முடியலைம்பாங்க. கையே கெடயாது, வலி மட்டும் இருக்குது. பெரிய பெரிய டாக்டருங்க முழிச்சாங்க. இவரு ஒரு பெட்டியில சாதாரண முகம் பாக்குற கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற கையை அதுல காட்டி அசைக்கச் சொன்னாரு. கண்ணாடியில தெரியற பிம்பத்தைப் பாத்து, போன கை வந்து அசையுதுன்னு மூளை நம்பிடுச்சு. சில பேருக்கு வலி விட்டுது. சலூன் கடையில மாட்டுற கண்ணாடிடா! கோடி ரூபா மெஷினு இல்ல. அந்த ஆளு மொதப் பட்டம் எங்க வாங்கினாரு? சென்னை ஸ்டான்லி, சர்க்கார் மெடிக்கல் காலேஜ். அப்பறம்தான் கேம்பிரிட்ஜ், அப்பறம்தான் அமெரிக்கா.

அவரோட தாத்தா அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், அரசியல் சட்டம் எழுதின குழுவுல இருந்தவரு. அதையும் மறைக்கக் கூடாது. உன் தாத்தா கரும்பு ரசீதைத் தவிர எதுலயும் எழுதினது கெடயாது. அதனாலதான் உனக்குக் கணக்குச் சொல்றன்.

சீர்காழியில பொறந்த டாக்டர் ராமமூர்த்தி 1950ல சென்னை பெரியாசுபத்திரியில மூளை அறுவை சிகிச்சைக்கு ஆரம்பம் போட்டாரு. அதுக்கு ஒரு வருசம் முன்ன வேலூர் சி.எம்.சி.யில ஜேக்கப் சாண்டி ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் மொதல்ல அடிப்படைத் தொழிலு கத்துக்கிட்டாங்க, மூளைக்கு அப்பறம் வந்தாங்க. இப்ப சென்னை ஐ.ஐ.டி.யில சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம்னு ஒன்னு இருக்குது. இன்ஃபோசிஸ் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு குடுத்த பணம். பொறக்காமப் போன சிசுங்களோட மூளையை மெல்லிசா சீவி, 5,132 சீவலையும் படம் புடிச்சு, "தரணி"ன்னு பேரு வெச்சு 2024 டிசம்பர்ல ஒலகத்துக்கே சும்மா குடுத்தாங்க. அந்த வேலைக்கு டாக்டரும் வேணும், கம்ப்யூட்டர்காரனும் வேணும், மெஷினு செய்யறவனும் வேணும், சீவலுக்குச் சாயம் போடத் தெரிஞ்சவனும் வேணும். அந்த மாதிரி எடத்துல நுழையறவன் பட்டத்துல மூளைன்னு எழுதியிருக்குதான்னு எவனும் பாக்க மாட்டான். கையில இன்னா வேலை தெரியும்னுதான் கேப்பான்.

அதனால ஆசை இருந்தா இப்படிப் பண்ணு. மொதப் பட்டத்தைக் கொறஞ்ச செலவுல முடி. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி இங்கேர்ந்து எம்மாம் தூரம்? பஸ்சுல போய் வந்துடலாம். விலங்கியலோ வேதியியலோ இயற்பியலோ எடு. மூளை இதுல எல்லாத்துலயும் இருக்குது. சர்க்கார் பள்ளியில ஆறாங்கிளாசுலேர்ந்து படிச்சிருந்தா பொண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் ஆயிரம் ரூபா சர்க்கார் உனக்குக் குடுக்குது. ஒருத்தன் உனக்குக் காசு குடுத்துப் படிங்கிறான், இன்னொருத்தன் காசு வாங்கிக்கிட்டுப் படிங்கிறான். எந்தப் பக்கம் போறதுன்னு தெரிஞ்சுக்க நரம்பியல் வேணுமா? கூடவே கம்ப்யூட்டரும் புள்ளியியலும் கத்துக்கோ. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020லேர்ந்து வூட்லேர்ந்தே படிக்கிற டேட்டா சயின்ஸ் பட்டம் நடத்துது. அதுக்கு ஜே.இ.இ. வேணாம், வருமானம் கொறஞ்சவங்களுக்குக் கட்டணத்தைப் பாதிக்கு மேலயும் கொறைக்கிறாங்க. மார்க்கு நல்லா இருந்தா பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., ஐசர் பக்கம் தலையைக் காட்டு. அறிவியல் படிக்கிறவனுக்கு இன்ஸ்பயர்னு மத்திய சர்க்கார் உதவித்தொகை இருக்குது, வருசத்துக்கு 80,000 வரைக்கும்.

அப்பறம் மேல்படிப்புல வேணா மூளையைத் தொடு. அரியானா மானேசர்ல அதுக்குன்னே ஒரு தேசிய மையம் இருக்குது, பெங்களூர்ல நிம்ஹான்ஸ் இருக்குது. நெட் பரீட்சை பாஸ் பண்ணி ஜே.ஆர்.எஃப்.னு ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா 2023 ஜனவரியிலேர்ந்து மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருசம் கழிச்சு 42,000. மாசாமாசம் கரெக்டா வரும்னு நான் சொல்லலை. ஆலைப் பணத்துக்குக் காத்திருந்த குடும்பம்தானே, உனக்குப் பழகியிருக்கும். ஆனா அந்தக் காசு கையில வர்ற வயசு இன்னா? இருவத்திமூணு, இருவத்திநாலு. முழு விஞ்ஞானியா வெளிய வர்றப்ப முப்பதை நெருங்கியிருப்ப. கடன்காரன் இருவத்திமூணுலயே வாசல்ல நிப்பான். "மேல படிக்கிறன் சார்"னு சொன்னா தவணையை வேணா தள்ளிப் போடுவான். வட்டியைத் தள்ளிப் போடச் சொல்லிப் பாரு. இதுதான்டா இந்தப் படிப்புல சிக்கலே. காசு கடைசியில வருது, கடன் மொதல்லயே வருது. இல்லாத கை வலிக்கிறதுக்கு ராமச்சந்திரன் கண்ணாடி வெச்சாரு. வராத சம்பளம் வலிக்கிறதுக்கு எவன் வெப்பான்?

அமெரிக்காவுலயே போய் மொதப் பட்டம் படிக்கிறன்னு உன் கூட்டாளி ஒருத்தன் குதிக்கிறானாமே. வருசத்துக்குக் கட்டணம் மட்டும் 60,000 டாலர் கேக்குற காலேஜு அங்க நெறய. டாலரு 85 ரூபான்னு போட்டாலே 51 லட்சம். நாலு வருசம், ரெண்டு கோடி. முடிச்ச பெறகு வேலை செய்ய ஒரு வருசம் விடுவான், அறிவியல் படிப்புன்னா இன்னும் ரெண்டு வருசம். மெடிக்கல் காலேஜுல சேரலாம்னா வெளிநாட்டுக்காரனுக்கு அங்க ரொம்பக் காலேஜு கதவே தெறக்காது. இதே மூளைப் படிப்பை அங்க பி.எச்.டி.யா படிக்கப் போறவனுக்குக் கட்டணமும் இல்லாம, மாசச் செலவுக்குக் காசும் குடுப்பான். அஞ்சு வருசம் பொறுத்தா சும்மா ஏறலாம்னு இருக்கிற வண்டிக்கு, இப்பவே ரெண்டு கோடி குடுத்து டிக்கெட்டு எடுக்கிறவனை இன்னான்னு சொல்றது?

வேடிக்கை கேளு. அந்த அமெரிக்காக்காரனே முழிச்சுக்கிட்டான். எந்தக் காலேஜுல எந்தப் பாடம் படிச்சா எவ்வளவு கடன், எவ்வளவு சம்பளம்னு அங்க சர்க்காரே இணையத்துல போடுது. 2025 ஜூலையில சட்டமும் போட்டுட்டான். ஒரு பட்டம் படிச்சவன், வெறும் பள்ளிக்கூடம் முடிச்சவனை விடக் கொறச்சலா சம்பாதிக்கிறான்னு மூணு வருசத்துல ரெண்டு வருசம் தெரிஞ்சா, அந்தப் படிப்புக்கு சர்க்கார் கடன் கெடயாது. இதைக் கண்டுபுடிக்க அவனுக்கு வாசிங்டன்ல எத்தினி நாள் கூட்டமோ! உன் ஆயாகிட்ட கேட்டிருந்தா வெத்தலை போடுற நேரத்துல சொல்லியிருப்பா.

கடனே வாங்காதன்னு நான் சொல்லலை. நான் வாங்காத கடனா? கூட்டுறவு சங்கத்து நோட்டுல என் ரேகை இருக்கிற மாதிரி ஆதார்ல கூட இருக்காது. ஆனா கரணை நட்டா பத்து மாசத்துலயோ பன்னெண்டு மாசத்துலயோ வெட்டலாம்னு தெரிஞ்சுதான் வாங்கினன். நர்சிங்கோ லேப் டெக்னீசியனோ படிக்கிற பொண்ணு வாங்கட்டும். முடிச்ச கையோட வேலைக்குப் போவா. நீ பத்து வருசம் கழிச்சு வெட்டுற பயிருக்கு இன்னிக்கே கடன் வாங்குற, அதுவும் விதைக் காசைவிட நீச்சல் குளத்துக் காசு சாஸ்தி.

கடைசியா ஒன்னு. அந்தக் காலேஜுலேர்ந்து உனக்குப் போன் பண்ணுவா ஒரு பொண்ணு, கவுன்சிலரு. "இன்னும் ரெண்டே சீட்டுதான் இருக்கு, இன்னிக்கே டோக்கன் கட்டிடுங்க"ம்பா. நேத்து நீ வயலுக்குப் போயிருந்தப்ப போன் அடிச்சுது, நான்தான் எடுத்தன். நடுவாந்திரச் சம்பளம் எவ்வளவும்மான்னு கேட்டன். மேலிடத்துல கேட்டுச் சொல்றன்னா. மேல படிக்கப் போனவங்க எத்தினி பேருன்னன். அதையும் கேட்டுச் சொல்றன்னா. சரி, எனக்கு எழுவத்திரெண்டு வயசாவுது, அந்த ரெண்டு சீட்டுல ஒன்னு எனக்குக் கெடைக்குமான்னு கேட்டன். அதை மட்டும் யாரையும் கேக்கலை. வயசு ஒரு தடையே இல்லீங்க ஐயா, லோனும் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றம்னுட்டா. திங்கக்கிழமை மூணு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கா.